ஆறாம் நம்பர்

இலாகா கொடுத்தது எட்டாம் நம்பர்.
என் கால் ஆறு.
முன்பக்கம் பஞ்சு திணித்து
ஒன்றரை வருஷம் நடந்தேன்,
வாலிநோக்கம் உப்பள வரப்பில்,
சாயல்குடி உடைக்காட்டில்.
ஒவ்வோர் அடியும் இரண்டு தடவை விழும்:
முதலில் பூட்ஸ்,
பிறகு நான்.

கவுதாரிக்கு அது போதும்.
நூறு கஜத்துக்கு அப்பாலேயே அது எழும்பினால்
கண்ணி வைக்க வந்தவனும்
எழுந்து போய்விட்டான் என்று அர்த்தம்.

சம்பளம் வந்த சனிக்கிழமை
ராமநாதபுரம் அரண்மனைக்குப் பின்சந்தில்
சீனி அசனா கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
"தண்ணி ஏறாது மேடம்."
சொம்புத் தண்ணீரை பூட்ஸுக்குள் ஊற்றித்
தூக்கிப் பிடித்தார்.
ஒரு சொட்டு வெளியே வரவில்லை.
மேல்வழியாய் உள்ளே போன கடல்தண்ணியும்
இப்படித்தானே வெளியே வராது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
வேறு பெட்டி எடுக்க ஏணி ஏறினார்.

கேட்க எனக்கு நிறைய இருந்தது.
கருவேல முள் அடித்தோலோடு நிற்குமா,
பாதம்வரை வந்து விசாரிக்குமா?
களரில் புதைந்தால்
கால் தனியே பூட்ஸ் தனியே வருமா?
உப்பு எத்தனை மாதத்தில் தையலைத் தின்னும்?
பங்குனி வெயிலில் விரல்கள் உள்ளே வேகுமா?
நடந்தால் கீச்சிடுமா?

கல்லாவுக்கு அடியிலிருந்து
விரல் நீள முள் ஒன்றை எடுத்தார்.
யாரோ ஒருவர் குதிகாலிலிருந்து
இந்தக் கடையில் வைத்தே பிடுங்கியதாம்.
பூட்ஸின் அடியில் ஓங்கிக் குத்தினார்.
முள் முறிந்தது.
அதற்குமேல் விலை பேச வெட்கமாயிருந்தது.
பேசினேன்.
நூற்றைம்பது குறைத்தார்.

"இதுல ரெண்டே ஜோடிதான் வந்துச்சு.
ஒம்பதாம் நம்பர் போன வாரம் போச்சு.
ஒங்க பக்கத்து ஆளுதான்.
அவரும் இதையெல்லாம் கேட்டாரு.
சத்தம் வருமான்னு மட்டும்
ரெண்டு தரம் கேட்டாரு."

கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.
முடிச்சு நின்று,
பிறகு இறுகியது.

செவ்வாய் இரவு மழை.
புதன் விடியுமுன்
மூக்கையூர்ப் பக்கம் இறங்கினேன்.
புது பூட்ஸ் குதிகாலைக் கடித்தது,
ஆனால் வாய் திறக்கவில்லை.
டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டேன்.
கடல் எந்தப் பக்கம் என்பது
மூக்குக்கு மட்டும் தெரிந்த இருட்டு.

சேற்றில் ஒரு தடம்.
நடுவில் மீன்முள் கோடு,
ஓரம் முழுக்கப் பற்கள்,
குதிகாலில் வட்டத்துக்குள் நட்சத்திரம்.
பக்கத்தில் என் காலை அழுத்தி எடுத்தேன்.
அதே மீன்முள்.
அதே நட்சத்திரம்.
வலது தடம் மட்டும் கொஞ்சம் ஆழம்:
வலக்கையில் கூண்டு,
கூண்டுக்குள் பார்வைக் கவுதாரி.

ஒன்பதுக்குள் ஆறை வைத்து வைத்து நடந்தேன்.
என் தடம் என்று
அன்று அந்தக் காட்டில் எதுவும் விழவில்லை.

ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தான்
பரோட்டாக் கடை பூவலிங்கம்.
இடது பூட்ஸைக் கழற்றிக்
கவிழ்த்துப் பிடித்திருந்தான்.
தண்ணீர் வந்தது.
வந்துகொண்டே இருந்தது.

முகத்தைப் பார்க்கவில்லை அவன்,
முதலில் என் காலைப் பார்த்தான்.
"ஆறா?"
"ஆறு."
"சத்தமே இல்லையே மேடம்."

கூண்டுக்குள்ளிருந்து அது கூப்பிட்டது.
உடைமரத்துக்கு அந்தப் பக்கமிருந்து
ஒன்று பதில் சொன்னது.
இன்னொன்று, இன்னும் கொஞ்சம் கிட்டே.
ஓடத் தோன்றவில்லை அவனுக்கு;
ஒற்றைக் காலில் ஈர பூட்ஸோடு
முள்காட்டில் எங்கே ஓடுவது?
கூண்டை நான் எடுத்துக்கொண்டேன்.
கழற்றிய பூட்ஸை அவன் எடுத்துக்கொண்டான்.

ஜீப் வரும்வரை ரோட்டோரம் நின்றோம்.
நான் நொண்டுவதைக் கவனித்திருக்கிறான்.
"குதிகாலுக்கு உள்பக்கம்
வெளக்கெண்ணெய் தடவுங்க.
ரெண்டே நாள்ல பழகிரும்."

கைப்பற்றியவை:
கூண்டு ஒன்று.
கண்ணி பதினேழு.
கவுதாரி ஒன்று, உயிருடன்.
பூட்ஸை எழுதவில்லை.

எண்ணெய் தடவி நாலு நாளாயிற்று.
இன்னும் கடிக்கிறது.